லாரி ஓட்ட 15 மணி நேரப் பயிற்சி போதுமா? மைசூரு சாலைகள் எழுப்பும் கேள்வி

மைசூரு: பந்திப்பூர் வனச் சாலை இரவு 9 மணிக்கு மூடப்பட்டுவிடும். மீண்டும் திறக்கப்படுவது காலை 6 மணிக்குத்தான். இதனால், மைசூருவில் இருந்து நஞ்சன்கூடு, குண்டலுப்பேட்டை வழியாகக் கேரளத்துக்கும் நீலகிரிக்கும் சரக்கு ஏற்றிச் செல்லும் லாரிகள், நேரத்துக்குள் சோதனைச் சாவடியைக் கடந்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் மாலை முதலே விரைகின்றன. 2009-ம் ஆண்டு தொடங்கிய இந்த இரவு நேரத் தடை வன விலங்குகளைக் காக்கிறது. ஆனால், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே முழுச் சுமையுடன் மலைப்பாதையை நெருங்கும் ஓட்டுநருக்கு அது அன்றாடச் சோதனையாகிவிட்டது.

அந்த ஓட்டுநர் தொழிலுக்குப் புதியவராக இருந்தால், அவரை இந்தச் சாலைக்குத் தயார் செய்தது யார்? சட்டம் சொல்லும் விடை சுருக்கமானது. 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, நடுத்தர, கனரக வாகனங்களை ஓட்டக் கற்பவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் 30 நாள் பயிற்சி பெற வேண்டும். அதில் அவர் உண்மையாகவே வாகனத்தை ஓட்டியிருக்க வேண்டிய நேரம் குறைந்தபட்சம் 15 மணி.

மைசூருவில் இருந்து மங்களூருக்குச் சரக்குடன் சென்று திரும்பினாலே ஏறக்குறைய அந்த நேரம் கடந்துவிடும்.

நான்கு திசையிலும் சவால்: மைசூருவைச் சுற்றியுள்ள சாலைகளைப் பார்த்தாலே கனரக வாகன ஓட்டுநருக்கு எத்தனை விதமான திறமை தேவை என்பது விளங்கும். வடகிழக்கே பெங்களூருக்குச் செல்லும் 275-வது தேசிய நெடுஞ்சாலை, ஏறத்தாழ 118 கி.மீ. நீள விரைவுச்சாலையாக மேம்படுத்தப்பட்டு 2023 மார்ச் 12-ல் திறக்கப்பட்டது. அடுத்தடுத்து நேர்ந்த விபத்துகளால், அதே ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் இரு சக்கர வாகனங்களும் ஆட்டோக்களும் டிராக்டர்களும் அதன் முதன்மைத் தடங்களில் தடை செய்யப்பட்டன. மேற்கே அதே நெடுஞ்சாலை மடிக்கேரியைக் கடந்து சம்பாஜே மலைப்பாதையில் இறங்குகிறது. தென்மேற்கே பந்திப்பூர் வழியாக வயநாடு சென்று கோழிக்கோடு இறங்குபவர், தாமரசேரி மலைப்பாதையில் 9 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும்.

தென்கிழக்கே, சாம்ராஜ்நகர் வழியாகக் கோவைக்குச் செல்லும் பாதை தமிழக வாசகர்களுக்கு நன்கு அறிமுகமானது. அங்கேதான் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. நீண்ட லாரி ஒன்று வளைவில் திரும்ப முடியாமல் நின்றுவிட்டால் இரு மாநில வாகனங்களும் மணிக்கணக்கில் காத்திருப்பது அங்கு வாடிக்கை. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2022 பிப்ரவரி 10 முதல் அங்கும் இரவு நேரப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது.

மைசூருவுக்கும் லாரித் தொழிலுக்கும் உள்ள தொடர்பு பழையது. லாரிகளுக்கான டயர் தயாரிப்பில் இந்நகருக்குத் தனி இடம் உண்டு. விக்ராந்த் டயர்ஸ் என்ற பெயரில் தொடங்கி, பின்னர் ஜே.கே. டயர் நிறுவனத்தின் கைக்கு வந்த ஆலை இங்குதான் உள்ளது. நஞ்சன்கூடு சாலையில் பண்டிப்பாளையா விளைபொருள் சந்தையும், அதே திசையில் கடக்கொளாவில் சரக்குப் பெட்டக முனையமும் அமைந்துள்ளன. ஹெப்பாள், ஹூட்டகள்ளி, நஞ்சன்கூடு தொழிற்பேட்டைகளின் சரக்குகளுக்கும் லாரிகளே ஆதாரம். சரக்கு பெருகுகிறது, அதைக் கொண்டு செல்லும் கைகள் எப்படிப் பழகுகின்றன என்பதுதான் கவலை.

உரிமம் பெறும் படிகள்: மைசூரு மேற்கு, கிழக்கு என இந்நகரில் இரு வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்கள் உள்ளன. கே.ஏ. 09, கே.ஏ. 55 என்ற பதிவெண்கள் இவற்றுக்கு உரியவை. லாரி ஓட்ட விரும்பும் இளைஞர் முதலில் 18 வயதில் இலகு ரக வாகன உரிமம் பெற வேண்டும். அந்த உரிமம் பெற்று ஓராண்டு நிறைந்த பிறகே போக்குவரத்து வாகனத்துக்கான பழகுநர் உரிமம் கோர முடியும். போக்குவரத்து வாகனத்தைப் பொது இடத்தில் ஓட்டுவதற்கான குறைந்தபட்ச வயது 20.

இத்துடன் மருத்துவச் சான்று, ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் சான்றிதழ் ஆகியவை இணைக்கப்பட வேண்டும். அதன் பின்னர் அலுவலரின் முன் ஓட்டிக் காட்டித் தேர்ச்சி பெற வேண்டும். இவ்வாறு பெறும் உரிமம் முன்பு மூன்று ஆண்டுகளுக்கே செல்லுபடியாகும். 2019-ம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தால் அது ஐந்து ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்டது.

காகிதத்தில் இந்தப் படிகள் முறையானவை. ஆனால், ஓட்டிக் காட்டும் தேர்வு பெரும்பாலும் சமதளத்தில், சுமையற்ற வாகனத்தில், சில நிமிடங்களில் முடிந்துவிடுவது. சுமையுடன் இறக்கத்தில் இறங்குவதோ, மழை இரவில் எதிர்வரும் விளக்கொளியில் சாலையின் ஓரத்தைக் கணிப்பதோ அங்கு சோதிக்கப்படுவதில்லை.

க்ளீனர் இருக்கை: இந்தக் குறையை நெடுங்காலம் நிரப்பி வந்தது லாரித் தொழிலின் சொந்தப் பள்ளிக்கூடம். ஓட்டுநருக்குப் பக்கத்தில் உள்ள க்ளீனர் இருக்கையே அது. பதின்ம வயதில் லாரியில் ஏறும் சிறுவன் தார்ப்பாய் கட்டுவான், டயர் மாற்றுவான், வளைவுகளில் இறங்கிப் பின்னால் சென்று வழி காட்டுவான். இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து, ஆளில்லாத நேரத்தில், நல்ல சாலையில் ஓட்டுநர் அவனிடம் ஸ்டியரிங்கைக் கொடுப்பார். நாமக்கல், சங்ககிரி லாரிகளில் நாடெங்கும் சுற்றிய தலைமுறையினர் பலரும் இவ்வாறு பழகியவர்களே.

அந்த முறையில் குறைகளும் இருந்தன. உரிமமின்றி ஓட்டுவது சட்ட விரோதம். சிறுவர்கள் படிப்பை இழந்தனர். குருவின் கெட்ட பழக்கங்களும் சீடனுக்குச் சேர்ந்தே வந்தன. ஆயினும், எந்தப் பாலத்தில் எவ்வளவு வேகம், எந்த இறக்கத்தில் எந்த கியர் என்ற அறிவு ஆண்டுக்கணக்கில் ஊறிய பிறகே ஒருவர் தனியாக லாரியை எடுத்தார்.

இப்போது அந்த இருக்கை காலியாகி வருகிறது. புதிய லாரிகள் முன்போல் வழியில் பழுதாகி நிற்பதில்லை. டீசல் விலையும் சுங்கக் கட்டணமும் உயர்ந்த நிலையில் இரண்டாவது ஆளுக்குச் சம்பளமும் படியும் கொடுக்க உரிமையாளர்கள் தயங்குகின்றனர். நகரங்களில் வீடு வீடாகப் பொருள் விநியோகிக்கும் வேலை கிடைப்பதால் இளைஞர்களும் க்ளீனர் வேலைக்கு வருவதில்லை. பழைய பள்ளி மூடப்படுகிறது. புதிய பள்ளி அந்த இடத்தை இன்னும் நிரப்பவில்லை.

எட்டாம் வகுப்பு நிபந்தனை: இந்த இடைவெளியைக் கல்வித் தகுதியால் நிரப்பும் முயற்சி ஒன்று நடந்தது. போக்குவரத்து வாகன உரிமத்துக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி கட்டாயம் என 2007-ல் விதி திருத்தப்பட்டது. சாலைக் குறியீடுகளையும் ஆவணங்களையும் படிக்கத் தெரிய வேண்டும் என்பது அதன் நோக்கம்.

நடைமுறையில், ஓட்டத் தெரிந்த பலர் சான்றிதழ் இல்லாமல் வெளியே நிறுத்தப்பட்டனர். ஹரியாணா மாநிலம் மேவாத் பகுதியில் ஓட்டுநர் தொழிலை நம்பியிருக்கும் மக்களுக்காக விலக்கு அளிக்குமாறு அம்மாநில அரசு கோரியது. அதன் தொடர்ச்சியாக 2019-ல் அந்த நிபந்தனை நாடு முழுவதும் நீக்கப்பட்டது. கல்விச் சான்றை விட ஓட்டும் திறமையே முக்கியம் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அப்போது விளக்கம் அளித்தது. திறமையை வளர்க்கும் பொறுப்பு இதனால் பயிற்சிப் பள்ளிகளின் மீது முழுமையாக விழுந்தது.

உச்ச நீதிமன்றத் தீர்ப்பு: எந்த வாகனத்துக்கு எந்த உரிமம் என்பதிலும் நீண்ட காலம் குழப்பம் நிலவியது. நடுத்தர சரக்கு வாகனம், கனரக சரக்கு வாகனம், நடுத்தர பயணிகள் வாகனம், கனரக பயணிகள் வாகனம் என்று இருந்த நான்கு பிரிவுகளை, 1994-ம் ஆண்டுத் திருத்தம் 'போக்குவரத்து வாகனம்' என்ற ஒரே பிரிவில் அடக்கியது. அப்படியானால், கார் ஓட்டும் உரிமம் உள்ளவர் சிறிய சரக்கு வாகனத்தை ஓட்டலாமா என்ற கேள்வி எழுந்தது. விபத்து நேரும்போதெல்லாம் இதைக் காரணம் காட்டிக் காப்பீட்டு நிறுவனங்கள் இழப்பீட்டை எதிர்த்து வழக்காடின.

ஓட்டலாம் என்று 2017-ல் மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. அது மறுபரிசீலனைக்கு வந்தபோது, தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர் 6-ல் அதனை உறுதி செய்தது. மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வாகனங்களை, இலகு ரக வாகன உரிமம் உள்ளவர் தனி அனுமதியின்றி ஓட்டலாம். அமர்வின் சார்பில் தீர்ப்பை எழுதிய நீதிபதி ரிஷிகேஷ் ராய், இத்தகைய ஓட்டுநர்களால்தான் விபத்துகள் பெருகின என்பதற்கு ஆதாரமான புள்ளிவிவரம் எதுவும் முன்வைக்கப்படவில்லை என்று சுட்டிக்காட்டினார். அதே வேளையில், 7,500 கிலோவுக்கு மேற்பட்ட வாகனங்களுக்கும் ஆபத்தான சரக்கு ஏற்றும் வாகனங்களுக்கும் கூடுதல் நிபந்தனைகள் தொடரும்.

இத்தீர்ப்பால் ஒரு மறைமுகப் பயனும் உண்டு. மைசூரு சந்தையில் காய்கறி ஏற்றும் சிறிய சரக்கு வாகனத்தை ஓட்டும் இளைஞர், சட்டச் சிக்கலின்றிச் சில ஆண்டுகள் சுமையுடன் சாலையைப் பழகிய பிறகு பெரிய லாரிக்கு மாற முடியும். க்ளீனர் இருக்கை செய்த வேலையில் ஒரு பகுதியை இது செய்யக்கூடும். ஆனால், சிறிய வாகனத்தில் பெற்ற அனுபவம் 28.5 டன் மொத்த எடையுள்ள மூன்று அச்சு லாரிக்கு அப்படியே பொருந்தாது. அந்த வகை லாரிகளுக்கான வரம்பு 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக 2018-ல் உயர்த்தப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

போலி உரிமமும் இழப்பீடும்: நாட்டில் உள்ள ஓட்டுநர் உரிமங்களில் 30 சதவீதம் போலி என்று 2019-ல் மக்களவையில் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி தெரிவித்தார். உரிமமின்றி ஓட்டுவதற்கான அபராதம் அந்த ஆண்டுத் திருத்தத்தில் ரூ.500-லிருந்து ரூ.5,000-ஆக உயர்த்தப்பட்டது.

அபராதத்தை விடப் பெரிய ஆபத்து இழப்பீட்டில் உள்ளது. ஓட்டுநரின் உரிமம் போலி என்பதற்காக மட்டும் விபத்தில் பாதிக்கப்பட்ட மூன்றாம் நபருக்கு இழப்பீடு மறுக்க முடியாது என்று 2004-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால், உரிமையாளர் தெரிந்தே அத்தகைய ஓட்டுநரை அமர்த்தினார் என்று நிரூபணமானால், வழங்கிய தொகையைக் காப்பீட்டு நிறுவனம் அவரிடம் வசூலிக்கலாம். கடனில் வாங்கிய ஒற்றை லாரியே வாழ்வாதாரமாக உள்ள உரிமையாளருக்கு, ஒரு விபத்து அந்த லாரியையே விற்கும் நிலையைக் கொண்டுவந்துவிடும். ஓட்டுநரை அமர்த்தும் முன் உரிமத்தை இணையதளத்தில் சரிபார்ப்பது சில நிமிட வேலை.

38 மணி நேரமும் 140 மணி நேரமும்: பயிற்சியின் தரத்தை உயர்த்த 'அங்கீகரிக்கப்பட்ட ஓட்டுநர் பயிற்சி மையங்கள்' என்ற புதிய ஏற்பாட்டை மத்திய அரசு 2021 ஜூலை 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கனரக வாகனப் பயிற்சி தரும் மையத்துக்குக் குறைந்தபட்சம் இரண்டு ஏக்கர் நிலம் வேண்டும். சாலையைத் திரையில் காட்டி ஓட்டப் பழக்கும் சிமுலேட்டர் கருவியும், ஓட்டிப் பார்க்கும் தடமும் கட்டாயம். நடுத்தர, கனரக வாகனங்களுக்கான பாடம் ஆறு வாரங்களில் 38 மணி நேரம். இங்கு தேர்ச்சி பெற்றவர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் மீண்டும் ஓட்டிக் காட்டத் தேவையில்லை.

38 மணி என்பது 15 மணியை விட மேலானது. எனினும், ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003-ம் ஆண்டு நெறிமுறை, தொழில்முறை லாரி ஓட்டுநருக்கு 280 மணி நேரப் பயிற்சியை வகுத்தது. விரைவுப் பாடத்துக்கே 140 மணி. அதன் பிறகும் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை 35 மணி நேரம் மறுபயிற்சி உண்டு. அமெரிக்காவில் 2022 பிப்ரவரி முதல் புதிய ஓட்டுநர்களுக்கு முறையான பயிற்சி கட்டாயமாக்கப்பட்டது. அங்கு மணிக்கணக்கு கிடையாது. திறமை வந்துவிட்டது என்று பதிவு பெற்ற பயிற்சியாளர் சான்றளிக்க வேண்டும்.

இந்தியாவிலும் முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. தமிழக அரசுடன் இணைந்து அசோக் லேலண்ட் நிறுவனம் 1995-ல் நாமக்கல்லில் ஓட்டுநர் பயிற்சி நிலையத்தைத் தொடங்கியது. அந்நிறுவனம் பயிற்சி நடத்தும் இடங்களில் கர்நாடகத்தின் தார்வாடும் ஒன்று. தமிழகத்தின் சாலைப் போக்குவரத்து நிறுவனம் கும்மிடிப்பூண்டியில் கனரக வாகனப் பயிற்சி அளித்து வருகிறது. ஆனால், தினக்கூலி இழந்து, வெளியூரில் தங்கி ஆறு வாரம் பயிலும் வசதி எல்லா இளைஞர்களுக்கும் இல்லை. பக்கத்துத் தெருவில், குறைந்த கட்டணத்தில், விரைவாகச் சான்றிதழ் தரும் பள்ளியையே அவர்கள் நாடுகின்றனர்.

நாட்டில் 22 லட்சம் பயிற்சி பெற்ற ஓட்டுநர்கள் பற்றாக்குறை இருப்பதாகவும், ரூ.4,500 கோடியில் 1,600 பயிற்சி நிலையங்கள் படிப்படியாக அமைக்கப்படும் என்றும் அமைச்சர் கட்கரி 2025-ல் அறிவித்தார். ஓட்டுநர் கிடைக்காத நெருக்கடியில், யார் கிடைத்தாலும் வண்டியை ஒப்படைக்கும் போக்கு வளரும் என்பதால், இந்த நிலையங்கள் எவ்வளவு விரைவில் வருகின்றன என்பது முக்கியமானது.

எதைக் கற்பிக்க வேண்டும்?: மலைப்பாதையில் லாரி கவிழ்வதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று, இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்புவது. தொடர்ந்து பிரேக்கை மிதித்தால் சக்கரத்தின் டிரம் சூடேறி, பிடிமானம் குறையும். ஒரு கட்டத்தில் மிதித்தாலும் வண்டி நிற்காது. ஏறுவதற்குத் தேவைப்படும் கியரிலேயே இறங்க வேண்டும். என்ஜினின் இழுவையும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் வேகத்தைத் தாங்க வேண்டும். காலால் மிதிக்கும் பிரேக் இடையிடையே மட்டும் பயன்பட வேண்டும். டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விட்டு இறங்குவது உயிரைப் பணயம் வைக்கும் செயல். பழைய க்ளீனர் மூன்றாவது பயணத்திலேயே கற்றுக்கொண்ட இந்தப் பாடத்தை, சமதள மைதானத்தில் 15 மணி நேரம் ஓட்டியவர் உணர வாய்ப்பில்லை.

விரைவுச்சாலை கேட்பது வேறு திறமை. தடம் மாறாமல் இடது ஓரத்தில் செல்வது, லாரியின் பக்கவாட்டில் கண்ணாடியில் தெரியாத பகுதி உண்டு என்பதை மறவாமல் இருப்பது, தூக்கம் வந்தால் பாதுகாப்பான இடம் பார்த்து நிறுத்துவது ஆகியவை அங்கு அவசியம்.

பெட்ரோல், சமையல் எரிவாயு போன்ற ஆபத்தான சரக்குகளை ஏற்றும் ஓட்டுநர்களுக்கு மூன்று நாள் தனிப் பயிற்சியும், காலந்தோறும் மறுபயிற்சியும் ஏற்கெனவே விதியில் உள்ளன. டேங்கர் ஓட்டுநருக்குச் சாத்தியமான மறுபயிற்சியை, மலைப்பாதையில் செல்லும் மற்ற லாரி ஓட்டுநர்களுக்கும் விரிவுபடுத்துவதில் தடை ஏதும் இருக்க முடியாது.

இளைஞர்கள் ஏன் வருவதில்லை?: பயிற்சி மட்டும் போதாது. நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று ஓட்டுநரின் வேலை நேரத்தை 1961-ம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வரையறுத்தது. ஆனால், ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள நிறுவனங்களுக்கே அது பொருந்தியது. ஓரிரு லாரிகள் வைத்திருப்போரிடம் வேலை செய்தவர்கள் அதன் வரம்புக்கு வெளியே நின்றனர். பின்னர் அந்தச் சட்டம் 2020-ம் ஆண்டுத் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இணைக்கப்பட்டது.

2025 அக்டோபர் 1 முதல் தயாரிக்கப்படும் நடுத்தர, கனரக லாரிகளில் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதன வசதி கட்டாயமாக்கப்பட்டது ஓர் ஆறுதல். மறுபுறம், விபத்து ஏற்படுத்திவிட்டுத் தகவல் தராமல் தப்புவோருக்கு 10 ஆண்டு வரை சிறை விதிக்கும் புதிய குற்றவியல் சட்டப் பிரிவை எதிர்த்து 2024 ஜனவரி தொடக்கத்தில் நாடெங்கும் ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அதனால், அந்தச் சட்டத்தின் மற்ற பிரிவுகள் 2024 ஜூலை 1-ல் அமலுக்கு வந்தபோது இந்தப் பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. நின்றால் கூட்டம் அடிக்கும், ஓடினால் சட்டம் தண்டிக்கும் என்ற அச்சம் ஓட்டுநர்களின் குடும்பங்களில் இன்னும் அகலவில்லை.

உயிர்களின் கணக்கு: 2022-ல் நாட்டில் நிகழ்ந்த 4,61,312 சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என்று சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை கூறுகிறது. அதிக விபத்துகள் பதிவான மாநிலம் தமிழகம். சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றம் 2014-ல் தனிக் குழு அமைக்கக் காரணமாக இருந்த பொதுநல வழக்கைத் தொடுத்தவரும் தமிழகத்தைச் சேர்ந்தவர்தான். விபத்தில் சிதைந்த உடல்களுக்குச் சிகிச்சை அளித்து வந்த கோவை எலும்பு முறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன் அவர்.

புதிய பயிற்சி நிலையங்களுக்கு இடம் தேர்வு செய்யும்போது, விரைவுச்சாலையும் மலைப்பாதைகளும் ஒருசேரச் சூழ்ந்த மைசூரு போன்ற நகரங்களுக்கு முன்னுரிமை தரலாம். அங்கு பயில்பவர், அனுபவம் உள்ள பயிற்சியாளர் பக்கத்தில் அமர்ந்திருக்க, சுமை ஏற்றிய லாரியுடன் ஒருமுறையேனும் மலையிறங்கிப் பார்த்த பிறகே சான்றிதழ் பெறுமாறு செய்யலாம். பயிற்சிக் காலத்தில் சிறு உதவித்தொகை கிடைத்தால் ஏழை இளைஞர்களும் ஆறு வாரம் தாக்குப்பிடிக்க முடியும்.

அதுவரை, 9 மணிக்கு முன் சாவடியைக் கடக்க விரையும் லாரிகளில், முதன்முறையாகச் சுமையுடன் மலையிறங்கும் புதிய ஓட்டுநர்களும் தனியாகவே சென்றுகொண்டிருப்பர். எதிரே பேருந்தில் வருபவர்களின் உயிரும் அவர்களின் 15 மணி நேரப் பயிற்சியை நம்பியே இருக்கும்.